பட்டை முதலில், கேமரா பிறகு: குறைந்த விலை ஆக்‌ஷன் கேமராவைத் தேர்ந்தெடுப்பது பற்றி

கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். சில ஆண்டுகளுக்கு முன் அவ்வளவையும் ஒரே வீடியோவில் பிடித்துவிடும் ஆசையில், ஹெல்மெட் உச்சியில் ஒரு சின்ன ஆக்‌ஷன் கேமராவை ஒட்டிக்கொண்டு காரவள்ளி அடிவாரத்திலிருந்து பைக்கில் புறப்பட்டேன். கேமராவின் விலை மூவாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. பெட்டியின் மேல் ‘4கே’ என்று பெரிய தங்க எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். அரப்பளீஸ்வரர் கோயில் அருகே வண்டியை நிறுத்திப் பார்த்தபோது கேமரா அணைந்து கிடந்தது. 40 வளைவுகூடப் பதிவாகவில்லை. பதிவான வரையிலும் சாலை நடுங்கிக்கொண்டே இருந்தது. நான் பேசியது எதுவும் கேட்கவில்லை, காற்றின் இரைச்சல் மட்டும்தான். மரங்களைப் பெரிதாக்கிப் பார்த்தால் இலைக்கு ஓரமே இல்லை, பச்சைக் கூழ்.

அன்று முதல் இந்தக் கேமராக்களைப் பற்றிப் படித்தும், நண்பர்களிடம் இரவல் வாங்கியும், பழையதை வாங்கிப் பயன்படுத்தியும் வருகிறேன். 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தின் கீழ் 40 மலையேற்றப் பாதைகளை அரசு இணையப் பதிவுக்குத் திறந்துவிட்ட பிறகு, மலைக்குக் கிளம்பும் தம்பிகள் கூடிவிட்டார்கள். அவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: “அண்ணா, பத்தாயிரத்துக்குள்ள எது வாங்கலாம்?” நான்கைந்து மாதச் சேமிப்பை வைத்துக்கொண்டு கேட்கும் கேள்வி அது. ஒரு மாடலின் பெயரைச் சொல்லிவிட்டு நகர எனக்கு மனம் வருவதில்லை. அந்த மாடல் அடுத்த ஆண்டே கடையில் இருக்காது. எதைப் பார்த்து வாங்குவது என்ற அறிவு இருந்தால் எந்த ஆண்டும் உதவும்.

இந்தக் கருவி பிறந்த கதையிலேயே பாதி விடை இருக்கிறது. 2002இல் நிக் உட்மேன் என்ற அமெரிக்க இளைஞர் ஆஸ்திரேலியாவுக்கும் இந்தோனேசியாவுக்கும் அலைச்சறுக்குப் பயணம் போனார். அலைமேல் நிற்கும்போது படமெடுக்க அவருக்கு ஒரு வழி வேண்டியிருந்தது. அவர் முதலில் செய்து பார்த்தது கேமரா அல்ல. கேமராவை மணிக்கட்டோடு சேர்த்துக் கட்டும் பட்டை. கட்டிய கேமராக்கள் தாக்குப்பிடிக்காததால்தான், பட்டைக்கு ஏற்ற கேமராவையும் தானே விற்பது என்ற முடிவுக்கு வந்தார். 2004இல் கடைக்கு வந்த முதல் கோப்ரோ, 35 மி.மீ. ஃபிலிம் சுருள் போட்டுப் புகைப்படம் மட்டும் எடுக்கும் எளிய கருவி. 2006இல் வந்த டிஜிட்டல் மாடலில் 10 விநாடி வீடியோதான் எடுக்க முடிந்தது. 2014இல் நாஸ்டாக் பங்குச் சந்தையில் நுழையும் அளவுக்கு வளர்ந்த அந்த நிறுவனத்தின் தொடக்கம், மலிவான ஒரு கேமராவும் நல்ல ஒரு பட்டையும்தான். உடம்பிலோ வண்டியிலோ எப்படி நிற்கிறது என்பதே ஆக்‌ஷன் கேமராவின் முதல் தகுதி. இன்று பெட்டியின் மேல் அச்சாகும் எண்கள் எதுவும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

அந்த எண்களில் 4கேயை முதலில் எடுத்துக்கொள்வோம். 4கே படம் ஒன்றில் அகலவாக்கில் 3840 புள்ளிகள், உயரவாக்கில் 2160. பெருக்கினால் ஏறத்தாழ 83 லட்சம். 1080பி என்றால் 1920க்கு 1080, அதாவது 20 லட்சத்துக்குச் சற்று மேல். உண்மையான 4கே எடுக்க வேண்டுமானால் கேமராவின் சென்சாரில் குறைந்தது 83 லட்சம் ஒளிப்புள்ளிகளாவது இருக்க வேண்டும். பத்தாண்டுகளுக்கு முன் மலிவுக் கேமராக்களில் நிறையப் புழங்கிய ஏஆர்0330 என்ற சென்சாரில் இருந்தவை 30 லட்சத்துக்குச் சற்று அதிகம். 1080பி வீடியோவுக்கு அது தாராளம். அதே சென்சாரை வைத்துக்கொண்டு 12 மெகாபிக்சல் என்று பெட்டியில் போட்டால், இல்லாத புள்ளிகளை மென்பொருள் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து இட்டு நிரப்புகிறது என்று பொருள். இன்டர்போலேஷன் என்பார்கள். தோசை மாவில் தண்ணீர் ஊற்றினால் பாத்திரம் நிறையும், மாவு கூடாது. சென்சார்கள் மாறிவிட்டன, இந்த வழக்கம் மாறவில்லை. இப்போதும் சில கேமராக்கள் 4கே என்று எழுதிவிட்டு, விநாடிக்கு 10 அல்லது 15 சட்டகங்கள் (ஃபிரேம்) மட்டுமே பதிவு செய்கின்றன. சினிமாவுக்கே விநாடிக்கு 24 வேண்டும். பதினைந்தில் ஓடும் பைக், தாவித் தாவிப் போகும்.

இதைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. விவரப் பட்டியலில் சென்சாரின் பெயர் இருந்தால் அதை இணையத்தில் தேடி எத்தனை மெகாபிக்சல் என்று பார்த்துவிடலாம். பெயரே தராத விற்பனையாளர் எதையோ மறைக்கிறார் என்றுதான் எடுத்துக்கொள்வேன். இன்னொரு வழி, கோப்பின் எடை. விநாடிக்கு 60 மெகாபிட் வேகத்தில் பதிவாகும் 4கே வீடியோ ஒரு நிமிடத்துக்கு 450 எம்பி வரும். ஒரு நிமிட ‘4கே’ கோப்பு 120 எம்பியில் முடிந்துவிட்டால், பெரிய சட்டகத்துக்குள் விவரமே இல்லை என்று புரிந்துகொள்ளலாம். யூடியூபில் 4கேயாக ஏற்றினால் 1080பியைவிடத் தெளிவாகத் தெரியும் என்று சிலர் சொல்வது உண்மைதான். அந்தத் தளம் பெரிய வீடியோவுக்குக் கூடுதல் தரவு ஒதுக்குகிறது. ஆனால் எடுக்கும்போதே கூழாகிவிட்ட படத்தை எந்தத் தளமும் தெளிவாக்காது. விநாடிக்கு 60 சட்டகங்களுடன் நேர்மையான 1080பி தரும் கேமரா, பொய் 4கேயைவிட எல்லா வகையிலும் மேல். 60 சட்டகம் இருந்தால் அலையையும் அருவியையும் பாதி வேகத்தில் ஓடவிட்டுப் பார்க்கலாம்.

இனி நடுக்கம். குறைந்த விலைக் கேமராவில் பணம் எங்கே போக வேண்டும் என்று ஒரே வார்த்தையில் கேட்டால் நான் சொல்லும் பதில் நடுக்கத் தடுப்பு. கேமராவுக்குள் இருக்கும் ஜைரோஸ்கோப் ஒவ்வொரு கணமும் கருவி எந்தப் பக்கம் எவ்வளவு திரும்பியது என்று அளக்கிறது. சென்சார் பிடித்த முழுப் படத்தின் ஓரங்களைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, நடுப்பகுதியை அசைவுக்கு எதிர்த்திசையில் நகர்த்தி வெட்டித் தருகிறது கேமராவின் செயலி (பிராசஸர்). அதனால்தான் நடுக்கத் தடுப்பைப் போட்டதும் காட்சி சற்றுக் குறுகுகிறது. இந்தக் கணக்கை விநாடிக்கு முப்பது, அறுபது முறை பிசகாமல் செய்ய வலுவான செயலி வேண்டும். மலிவுக் கேமராக்கள் தோற்பது இங்கேதான். 2018இல் ஹீரோ7 பிளாக் மாடலில் கோப்ரோ கொண்டுவந்த ஹைப்பர்ஸ்மூத், அதுவரை கிம்பல் என்ற தனிக் கைத்தாங்கியைக் கொண்டே எடுக்க முடிந்த காட்சியைக் கேமராவுக்குள்ளேயே சாத்தியமாக்கியது. அதற்கு முன்னும் பின்னுமாக இந்தத் துறையையே பிரித்துப் பார்க்கலாம்.

‘6 ஆக்ஸிஸ் நடுக்கத் தடுப்பு’ என்று பெட்டியில் அச்சிடுவதால் மட்டும் நடுக்கம் நிற்காது. பல கேமராக்களில் அந்த வசதி 1080பியில், அதுவும் 30 சட்டகத்தில் மட்டும் வேலை செய்யும். 4கேக்கு மாற்றியதும் தானாக அணைந்துவிடும். எந்தெந்த அளவுகளில் வேலை செய்கிறது என்பதைக் கையேட்டில் பார்த்துவிட்டு வாங்க வேண்டும். வெளிச்சத்தையும் மறந்துவிடக் கூடாது. அந்தி நேரத்தில் ஒவ்வொரு சட்டகத்துக்கும் ஷட்டர் கூடுதல் நேரம் திறந்திருப்பதால், அசைவு ஒவ்வொரு சட்டகத்திலும் கலங்கலாகவே பதிகிறது. கலங்கிய சட்டகங்களை எவ்வளவு நேராக அடுக்கினாலும் கலங்கல் போகாது. விலை உயர்ந்த கேமராவுக்கும் இது பொருந்தும். சிறிய சென்சாருக்குக் கூடுதலாகப் பொருந்தும். இந்தக் கேமராக்களில் நெடுங்காலம் வழக்கமாக இருந்த 1/2.3 அங்குல சென்சாரின் பரப்பு 28 சதுர மி.மீ. மட்டுமே. விடியலில் மலையுச்சியில் சூரியன் எழும் காட்சிக்கு உங்கள் போனே பெரும்பாலும் இதைவிட நன்றாக எடுக்கும்.

அப்படியானால் போனே போதாதா என்று கேட்கலாம். நடந்து போகிறவருக்குப் பல நேரம் போதும், அதை ஒளிக்க வேண்டியதில்லை. பைக்கில் மாட்டுவதானால் போதாது. பைக் எஞ்சினின் அதிர்வு ஐபோன் கேமராவின் நடுக்கத் தடுப்புப் பாகங்களைக் கெடுக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021 செப்டம்பரில் எழுத்தில் எச்சரித்தது. போன் கேமராவில் லென்ஸே நுண்ணிய அளவில் அசைந்து நடுக்கத்தைச் சமன் செய்கிறது. ஆக்‌ஷன் கேமராவில் பொதுவாக அசையும் பாகம் கிடையாது. வேலை முழுவதும் கணக்கில் நடக்கிறது. அதிர்வைத் தாங்குவதன் ரகசியம் அதுவே. அலையிலும் சேற்றிலும் போனை இறக்க யாருக்கும் துணிவு வராது என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

சந்தை இன்று மூன்று அடுக்காக நிற்கிறது. மேலே கோப்ரோ, 2019இல் ஓஸ்மோ ஆக்‌ஷன் மூலம் நுழைந்த டிஜேஐ, ஷென்சென் நகரத்து இன்ஸ்டா360. நடுவில் எஸ்ஜேகேம், அகாசோ போன்ற பெயர்கள். 2015இல் ஷாவ்மி 399 யுவானுக்கு யீ கேமராவைக் கொண்டுவந்தபோதுதான், குறைந்த விலையிலும் நல்ல 1080பி 60 சட்டகம் தர முடியும் என்பது உலகத்துக்குத் தெரிந்தது. நடு அடுக்கு அந்த வழியில் வளர்ந்தது. அடியில், ஒரே அச்சில் வார்த்து ஐந்து பெயரில் ஐந்து விலைக்கு விற்கும் பெட்டிக் கேமராக்கள். என்னுடைய கொல்லிமலைக் கேமரா இந்த அடி அடுக்கு.

மேல் அடுக்கு நிறுவனத்தின் மலிவு மாடல் என்றாலே கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்பதும் சரியல்ல. 2024 செப்டம்பரில் கோப்ரோ 199 டாலருக்கு ஹீரோ என்ற சிறிய மாடலை வெளியிட்டது. 86 கிராம் எடை, 4கேயில் 30 சட்டகம், கையாள எளிது. ஆனால் அதன் பேட்டரியைக் கழற்ற முடியாது. உறையில்லாமல் 5 மீட்டர் ஆழம் வரைதான் தாங்கும். வெளியானபோது நடுக்கத் தடுப்பு கேமராவுக்குள் இல்லை; வீடியோவைப் போனுக்கு மாற்றி, நிறுவனத்தின் செயலி வழியாகச் சரிசெய்ய வேண்டியிருந்தது. குழந்தைகளுக்கும் குளத்தில் நீந்துவோருக்கும் அது பொருந்தலாம். மூன்று நாள் மலைப்பயணத்துக்கு, கழற்ற முடியாத பேட்டரியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

என் தீர்ப்பு வேறு பக்கம் சாய்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் மேல் அடுக்கில் இருந்த கேமராவைப் பழையதாக வாங்கினால், அதுவே குறைந்த பணத்தில் கிடைக்கும் சிறந்த ஆக்‌ஷன் கேமரா. ஹீரோ7 பிளாக் மாடலில் 4கே 60 சட்டகம் உண்டு, உறையில்லாமல் 10 மீட்டர் நீரில் தாங்கும், பேட்டரியைக் கழற்றலாம். 2020இன் ஹீரோ9இல் முன்பக்கத் திரையும் இருக்கிறது. 2022இல் வந்த டிஜேஐ ஓஸ்மோ ஆக்‌ஷன் 3, உறையில்லாமல் 16 மீட்டர் வரை தாங்கும். இவற்றின் இன்றைய போட்டியாளர்கள், புதிதாகப் பெட்டியைப் பிரித்து வரும் மூன்றாம் அடுக்குக் கேமராக்கள் அல்ல; அவை பல மடங்கு பின்தங்கியவை.

பழையதை வாங்கும்போது பார்க்க வேண்டியவை சில. பேட்டரியை வெளியே இழுத்துப் பாருங்கள். இறுக்கமாக வந்தால் அது உப்பியிருக்கிறது. கதவைச் சுற்றியுள்ள ரப்பர் கிழியாமல் இருக்க வேண்டும். சார்ஜ் போடும் துளைக்குள் பச்சையோ வெள்ளையோ படிந்திருந்தால் கடல்நீர் உள்ளே போயிருக்கிறது, வாங்காதீர்கள். லென்ஸின் முன்கண்ணாடியில் கீறல் இருந்தால் பல மாடல்களில் அதைத் தனியே மாற்றலாம், ஹீரோ8இல் முடியாது. ஹீரோ7 வரிசையிலேயே வெள்ளை, சில்வர் மாடல்களின் பேட்டரி உள்ளேயே பொருத்தப்பட்டது. ‘ஹீரோ7’ என்ற பெயரை மட்டும் கேட்டு ஏமாந்துவிடக் கூடாது. கடைசியாக, இருபது நிமிடம் தொடர்ந்து பதிவு செய்யவிட்டுப் பாருங்கள். நம்மூர் வெயிலில் இந்தக் கேமராக்கள் சூடேறி அணைவது வழக்கம். காற்றோட்டத்தில், வண்டி ஓடும்போது தாங்கும். மேசையில் அசையாமல் வைத்தால் அவ்வளவு நேரம் தாங்காது. கையால் தொட முடியாத அளவுக்குச் சூடாகிச் சில நிமிடத்தில் அணைந்தால் விட்டுவிடுங்கள்.

இப்போது பட்டைக்குத் திரும்புகிறேன். இந்தத் துறையில் ஏழைக்குக் கிடைத்த ஒரு நன்மை, கோப்ரோவின் விரல் விரலான கொக்கி அமைப்பே கிட்டத்தட்ட எல்லாருக்கும் பொதுவாகிவிட்டதுதான். கேமரா மாறினாலும் மார்புப் பட்டையும் ஹேண்டில்பார் கவ்வியும் மாறாது. மலையேற்றத்துக்கு மார்புப் பட்டையையே நான் தேர்வேன். நடக்கும் கைகளும் ஊன்றுகோலும் படத்தின் கீழ் ஓரத்தில் தெரிவதால் பார்ப்பவருக்கு அளவு பிடிபடும். இந்த அகலக்கோண லென்ஸ்கள் தொலைவில் இருப்பதை மிகச் சிறிதாக்கிவிடும். மூச்சு வாங்க ஏறிய செங்குத்துச் சரிவு, வீடியோவில் சாதாரண மேடு போலத் தெரியும். பக்கத்தில் ஒரு ஆளோ கைப்பிடியோ தெரிந்தால்தான் அந்தச் சரிவு திரும்பக் கிடைக்கும். பசை போட்டு ஒட்டும் தளமானால், ஒட்டி 24 மணி நேரம் கழித்தே கேமராவை மாட்டுங்கள். எங்கே மாட்டினாலும் கேமராவிலிருந்து தனியே ஒரு கயிறு கட்டிவையுங்கள். நூறு ரூபாய்க் கயிறு அது.

ஹெல்மெட்டில் மாட்டுவது பற்றி ஒரு வார்த்தை. 2022இல் கேரள மோட்டார் வாகனத் துறை, ஹெல்மெட்டில் கேமரா பொருத்தி ஓட்டுவோர் மீது அபராதமும் உரிம இடைநீக்கமும் பாயும் என்று அறிவித்தது. வால்பாறை வழியாக அதிரப்பள்ளி இறங்கும் நம் பையன்கள் எல்லை தாண்டுவதை நினைவில் வைக்க வேண்டும். சட்டம் ஒருபுறம் இருக்க, உச்சியில் துருத்திக்கொண்டிருக்கும் எதுவும் விழும்போது தலையைத் திருப்பிவிடும் என்ற அச்சம் எனக்கு உண்டு. மார்பிலோ ஹேண்டில்பாரிலோ கேமரா இருக்கட்டும்.

நீர் விஷயத்தில், பெட்டியில் எழுதிய ஆழம் கேமராவுக்கா உறைக்கா என்று பாருங்கள். நடு அடுக்குக் கேமராக்கள் பெரும்பாலும் 30 மீட்டர் என்று சொல்வது பிளாஸ்டிக் உறையோடு சேர்த்து. நீரில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. உறையின் ரப்பர் வளையத்தில் ஒட்டிய ஒரு மணல் துகள் போதும், நீர் உள்ளே வந்துவிடும். கோவளத்திலும் மகாபலிபுரத்திலும் அலைச்சறுக்கு கற்கிறவர்களுக்கு ஆழம் தேவையில்லை, மிதக்கும் கைப்பிடி தேவை. கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். உறைக்குள் கேமரா சூடாவதால் குளிர்ந்த நீரில் கண்ணாடிக்கு உள்ளே பனி படியும். சிறிய சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை உள்ளே வைத்தால் அடங்கும். உறை போட்டால் குரல் கேட்காது. உறையில்லாவிட்டாலும் பைக் வேகத்தில் காற்றே பேசும். ஹெல்மெட்டுக்குள் மைக் வைக்க விரும்புவோர், கேமராவில் வெளி மைக் இணைக்க வழி உண்டா என்று வாங்குமுன் கேட்டுவிட வேண்டும். மலிவு மாடல்கள் பலவற்றில் கிடையாது.

மெமரி கார்டில் சிக்கனம் பார்ப்பவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். யு3 அல்லது வி30 என்று குறித்த கார்டு விநாடிக்கு குறைந்தது 30 மெகாபைட் எழுதும் என்ற உறுதி தருகிறது. 100 மெகாபிட் வீடியோவுக்கு விநாடிக்குத் தேவை 12.5 மெகாபைட்தான் என்றாலும், சூட்டில் கார்டின் வேகம் தளரும்போது இந்த இடைவெளி காப்பாற்றும். 64 ஜிபி கார்டில் 60 மெகாபிட் வீடியோ இரண்டேகால் மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். போலிக் கார்டுகள் ஏராளம். வாங்கியதும் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் முழுக் கொள்ளளவையும் சோதித்துவிடுங்கள். பேட்டரி மூன்று இருக்கட்டும். 4கேயில் ஒரு பேட்டரி ஒரு மணி நேரம் போனாலே நல்லது. இன்னொரு சின்ன அமைப்பு: நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கேமரா 60 ஹெர்ட்ஸில் இருந்தால் தெருவிளக்கு வெளிச்சத்தில் படம் சிமிட்டும். பெட்டியைப் பிரித்த அன்றே மாற்றிவிடுங்கள். போன் செயலி தேவைப்படும் கேமராவானால், அந்தச் செயலி கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்பதையும் ஆப் கடையில் பாருங்கள். மூன்று ஆண்டு தொடாத செயலி உங்கள் அடுத்த போனில் திறக்காமல் போகலாம்.

பத்தாயிரம் ரூபாயை நான் எப்படிப் பிரிப்பேன்? கேமராவுக்கு ஆறரை, ஏழு ஆயிரத்துக்கு மேல் போக மாட்டேன். மீதியில் நல்ல கார்டு ஒன்று, கூடுதல் பேட்டரி இரண்டு, மார்புப் பட்டை, கவ்வி, கயிறு. அந்தத் தொகைக்குள் நல்ல நிலையில் பழைய மேல் அடுக்குக் கேமரா அமைந்தால் அதுவே முதல் தேர்வு. அமையாவிட்டால், 1080பி 60 சட்டகத்தில் உண்மையாகவே நடுக்கம் தடுக்கும் நடு அடுக்குக் கேமரா. கையில் மூவாயிரம்தான் இருக்கிறது என்றால், தம்பி, இப்போது வாங்காதே. போனை எடுத்துக்கொண்டு நடந்து போ, மீதியைச் சேர்த்து வை.

எதை வாங்கினாலும், யாரிடம் வாங்கினாலும், பணம் கொடுக்கும் முன் ஒன்று கேளுங்கள். அந்தக் கேமராவைக் கையில் பிடித்து ஒரு நிமிடம் வேகமாக நடந்து எடுத்த, திருத்தாத அசல் கோப்பை உங்கள் போனுக்கு அனுப்பச் சொல்லுங்கள். அதில் சாலையோர மரத்தின் இலைகள் தனித்தனியாகத் தெரிகின்றனவா, அடிவானம் ஆடாமல் நிற்கிறதா என்று பாருங்கள். கோப்பை அனுப்ப மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.